சும்மா போட்டு ஓட்டுங்க

வெள்ளூரணியில் வீடுகள் காணாமல் போன அன்று குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதனால் யாரும் உடனே கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வருகிற நேரத்தில் வானமே இடிந்து விழுந்தாலும் குடம் நிறைந்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்போம். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவரவர் வாசலுக்குத் திரும்பியபோதுதான், கீழத்தெருவில் ஒருத்தி, பள்ளிவாசல் தெருவில் ஒருத்தி, சந்தைப்பேட்டைச் சந்தில் ஒரு வாத்தியார் என்று அங்கங்கே ஆட்கள் தண்ணீர் தளும்ப நின்றுவிட்டார்கள். வலப்பக்கத்து வீடு இருந்தது, இடப்பக்கத்து வீடு இருந்தது, இரண்டின் சுவர்களும் கட்டும்போதே அப்படிக் கட்டியதுபோல ஒட்டிக்கொண்டு நின்றன, நடுவில் இருக்க வேண்டிய தங்கள் வீடு மட்டும் இல்லை. இடிந்த செங்கல் இல்லை, புழுதி இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. "எங்க வீட்ட யாராச்சும் பாத்தீகளா?" என்று பாத்திமுத்து அக்கம்பக்கத்தில் கேட்டாள். "காலையில இங்கனதான கெடந்துச்சு" என்று, அவிழ்த்துக்கொண்டு போன ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோலப் பதில் வந்தது.

நான் பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன், அங்கே தும்மினால் எனக்கு இங்கே கேட்கும், ஆகவே காரணம் எனக்குத் தெரியும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஊர்த் தெருக்கள், வீடுகள், வீட்டிலிருப்பவர்களின் பெயர்கள் எல்லாம் அந்த அலுவலகத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தன. முதல் நாள் மாலை உறுப்பினர் ஒருவரின் பிறந்தநாளுக்கு சவுண்டு பாக்ஸ் மாட்ட இடம் தேடிய யாரோ ஒரு புண்ணியவான், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மறுநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், 'ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் பிரிக்கப்பட்டது, செப்பனிட வேண்டும்' என்று மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். மாற்றலாகிப் போவதற்கு முன்னால் அதற்குள் இருந்த கட்டளைகளையெல்லாம் தமிழாக்கிவிட்டுத்தான் போனார். நல்ல மனிதர், இன்னும் யாரும் அவரைத் திட்டுவதில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டர் மங்களேஸ்வரி. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். அன்று மகளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டதால், கஞ்சியைக் குடிக்க வைத்து, பழைய பட்டன் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, "உள்பக்கம் தாப்பாப் போட்டுக்க, ஒரு மணி நேரத்துல ஓடி வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மகளின் பெயரைக் கேட்பீர்கள். பெயர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மங்களேஸ்வரி மதுரையில் இருந்த அருள்ராஜுக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "ஒண்ணும் பயப்படாதீங்க சிஸ்டர். செப்பனிடுன்னு ஒரு கட்டளை இருக்குல்ல, அத சும்மா போட்டு ஓட்டுங்க" என்றார் அருள்ராஜ். அவளும் 'செப்பனிடு' என்று அடித்து ஓட்டிவிட்டாள். அது கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது. 'இந்த வழி எங்கும் போகவில்லை, அழிக்கட்டுமா?' ஆம். 'இந்த வாசலுக்கு உரியவர் தெரியவில்லை, அழிக்கட்டுமா?' ஆம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிற நினைப்பிலேயே ஆம், ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போனாள், சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் அல்லவா.

மத்தியானம் அவள் தெருவுக்குள் நுழைந்தபோது தையற்காரர் வீடும் வளையல்காரர் வீடும் ஒட்டிக்கொண்டு நின்றன.

 சுவர்கள் சேருகிற இடத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனில் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது, மகள் எடுத்தாள், எடுத்ததும் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது சொல்வதைப் போல விளையாட்டாக, "உள்ளேன் அம்மா" என்றாள்.

"எங்கடி இருக்க?"

"வீட்லதாம்மா. நீ வாசல்ல நிக்கிறது சன்னல்ல தெரியுது. ஏன் வளையல்காரத் தாத்தா வீட்டுச் செவத்தப் போட்டுத் தடவுற? நம்ம கதவு இங்கன இருக்கு."

நாங்கள் அங்கே கூடியிருந்த எல்லோரும் போனில் வந்த அந்தக் குரலைக் கேட்டோம். சன்னல் இருந்திருக்க வேண்டிய திசையைப் பார்த்து ஒருவர் கையாட்டினார். "யாரோ நீலச்சட்டக்காரவுக கையாட்டுறாக" என்று போன் சொன்னது. நீலச் சட்டை போட்டிருந்தவர் கையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார், அவருக்குக் குளிர்க்காய்ச்சல் விட மூன்று வேளை மாத்திரை ஆயிற்று.

அவள் அலுவலகத்துக்கு ஓடி வந்து அருள்ராஜைக் கூப்பிட்டபோது நான் கடையைப் போட்டது போட்டபடி போய் நின்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"நான் சும்மா போட்டுல்ல ஓட்டச் சொன்னேன்?" என்றார் அருள்ராஜ்.

"சும்மாதான் சார் ஓட்டுனேன்."

"சும்மா போட்டீங்களா?"

"சும்மாதான் சார் போட்டேன்!"

 பிறகு அவர் மிக மெதுவாக, "சிஸ்டர், சும்மாங்கிற வார்த்தைய டைப் அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

அது ஒரு கட்டளை. 'செப்பனிடு சும்மா' என்று அடித்தால் கருவி எதையும் தொடாது. தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வெறும் 'செப்பனிடு' என்றால் நிஜமாகவே கத்தியை எடுத்துவிடும். அவர் அந்தச் சொல்லைச் சேர்த்து அடிக்கச் சொன்னார், இவள் தைரியம் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். இவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா உட்காருங்க, சும்மா சாப்பிடுங்க, சும்மா சொல்லுங்க என்று தினம் நூறு தடவை உப்பைப் போலத் தூவுகிற சொல், அதற்குள் ஒரு ஊரே தொங்கிக்கொண்டிருக்கும் என்று எந்தத் தமிழன் கண்டான்? செயல் அலுவலர் குலசேகரன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மேலிடத்துக்குத் தெரிஞ்சா என்னம்மா பண்றது" என்று கேட்டார். மங்களேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"வீடு அழியல சிஸ்டர்" என்றார் அருள்ராஜ். "வீட்டுக்குப் போற வழியும் வெளிய வர்ற வழியுந்தான் அழிஞ்சிருக்கு. உள்ள எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா அது காலி இடம்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கிட்டிருக்கு. ஊருக்குள்ள புதுசா எது வந்தாலும் அதுமேல தூக்கி வச்சிரும். புது டிஸ்க் வாங்கி அனுப்புறேன். வந்து சேர்ற வரைக்கும் உங்க ஊர்ல யாரும் எதுவும் புதுசாச் செய்யாமப் பாத்துக்கங்க."

இது ஒன்றைத்தான் எங்கள் ஊரால் செய்ய முடியாது.

மற்றபடி நாங்கள் நன்றாகவே பழகிக்கொண்டோம். வெளியே மாட்டிக்கொண்டவர்கள் கல்யாண மண்டபத்தில் தங்கினார்கள். அவர்களுக்கு 'வெளியாட்கள்' என்றும், சுவர்களுக்குள் போனவர்களுக்கு 'உள்ளாட்கள்' என்றும் ஒரே நாளில் பெயர் அமைந்துவிட்டது. பால்காரர் வழக்கம்போல இரண்டு சுவர் சேருகிற இடத்தில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார், நாய்கள் வழக்கம்போல அதை இழுத்துக்கொண்டு போயின. தபால்காரர் கடிதத்தை எடுத்துவந்து அந்த இடுக்குக்கு முன்னால் நின்று விலாசத்தை உரக்கப் படித்துவிட்டுத் திரும்பினார். ஜோசியர் சனி என்றார், ஆளுங்கட்சிக்காரர் எதிர்க்கட்சி என்றார், எதிர்க்கட்சிக்காரர் ஆளுங்கட்சி என்றார். காணாமல் போகாத வீட்டுக்காரர்கள் சிலர்கூட எங்கள் வீட்டையும் காணவில்லை என்று மண்டபத்துப் பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். பயத்தைப் பந்தி போட்டுச் சாப்பிடத் தெரிந்த ஊர் இது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சீனிச்சாமி தன் தங்கை பிள்ளைகளின் காதணி விழாவுக்குக் கடைவீதியில் ஆளுயர பிளெக்ஸ் வைத்தார். வைத்துக் கயிறு கட்டி முடிப்பதற்குள் மங்களேஸ்வரியின் போன் அடித்தது.

"அம்மா, நம்ம அடுப்படியில நெறையப் பேர் நிக்கிறாக."

"யாருடி? யாரு நிக்கிறா?"

"தெரியலம்மா. எல்லாரும் சிரிக்கிறாக. பெரிய பெரிய மொகம். கும்பிட்டுக்கிட்டே நிக்கிறாக. தாய்மாமன் சீர், வருக வருகன்னு எழுதியிருக்கு. அடுப்பக் காணோம்மா. பிஸ்கட் டப்பாவையும் காணோம்."

மங்களேஸ்வரி கடைவீதிக்கு ஓடினாள். பிளெக்ஸைக் கிழிக்கப் போனவளை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கிழிப்பதும் புதுக் காரியம்தான், அது எந்த வீட்டில் எதைக் கொண்டுபோய்ப் போடுமோ என்று அருள்ராஜ் போனில் கத்தினார். சீனிச்சாமி அந்தப் பிளெக்ஸைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் கெட்டவர் இல்லை, எங்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் இதில் பயங்கரம்.

அதன் பிறகுதான் எங்களுக்கு உண்மையான பயம் பிடித்தது. ஒருவன் புதுக் கொட்டகை போட்டால் பாத்திமுத்து வீட்டுக் கூடத்தில் மூங்கில் முளைத்ததாக உள்ளேயிருந்து போன் வந்தது. ஒருவன் கிணற்றுக்குக் குறித்த இடத்தில் முதல் மண்வெட்டியைப் போட்டதும் உள்ளே வாத்தியாரின் அப்பா படுத்திருந்த கட்டிலின் ஒரு கால் கீழே இறங்கியது. சிவகங்கையிலிருந்து புதுமருமகளைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள், அவளுக்கு இங்கே ஒரு வீடு, ஒரு விலாசம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மத்தியானமே மகள் போனில் கிசுகிசுத்தாள்.

"அம்மா, யாரோ கதவத் தட்டுறாக."

"யாரு?"

"ஒரு அக்கா. பட்டுச்சேல கட்டியிருக்கு, கையில குத்துவெளக்கு. இது என் வீடுதான், தெறன்னு சொல்லுது. ஹரிணின்னு கூப்புடுது. ஹரிணி யாரும்மா?"

 அந்த மணப்பெண் அதே நேரத்தில் எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் தன் புகுந்த வீட்டில் பாலும் பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு விசாரித்ததில், அவளுக்குப் பிறந்த வீட்டில் ஹரிணி என்று ஒரு தங்கை இருந்ததும் நிஜம்.

"தெறக்காத" என்றாள் மங்களேஸ்வரி. "தெறந்தா வீடு அவுகளோடதாப் போயிரும். நல்லாக் கேட்டுக்க தங்கம். யார் வந்து தட்டுனாலும் தெறக்காத. அம்மான்னு சொன்னாலும் தெறக்காத. பாப்பான்னு, தங்கம்னு யாரு வேணும்னாலும் கூப்புடலாம். உன் பேரச் சரியாச் சொன்னா மட்டும் தெற. பேரச் சொன்னா அது நான்."

"சரிம்மா" என்றது பிள்ளை. "போன்ல சார்ஜ் ஒரு கோடுதான் இருக்கு."

அந்த ஒரு கோடும் மறுநாள் போய்விட்டது.

அதன் பிறகுதான் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள்: பொதுமக்கள் அனைவரும் அவரவர் இருக்கிற இடத்தில் சும்மா இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சும்மா இருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகவே தெரிந்த ஒன்றைச் செய்தோம், கிரகணத்துக்கு இருப்பதைப் போல இருந்தோம். தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டோம். அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளை இருட்டறையில் உட்கார வைத்தோம், ஒருத்திக்கு வலி எடுத்தபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது, அது சூட்டு வலி என்று தெரிந்தபோது ஊரே மூச்சை விட்டது. டீக்கடையில் ஆட்கள் காலி கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லலாமா என்று கேட்டார்கள், அது பழையது, சொல்லலாம் என்று அருள்ராஜ் சொன்னார். கோயில் மணியும் அப்படியே. புதுச் சண்டை கூடாது, பழைய சண்டையைத் தொடரலாம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

புது டிஸ்க் மதுரை பஸ்ஸில் கண்டக்டர் மடியில் வந்து சேர்ந்தது. முதலில் பழையதைத் தொடாமல் அப்படியே நகல் எடுக்க வேண்டும், வைத்தியமெல்லாம் நகலுக்குத்தான் என்றார் அருள்ராஜ். நகல் என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று போய் நின்றேன்; என் மிஷினில் ஒரு பக்கம் போகிற நேரத்தைப் போல ஆயிரம் மடங்கு நேரம் ஒரு கோடு திரையில் ஊர்ந்தது. அங்கங்கே நின்றது, முனகியது, பின்னால் போய் மறுபடி படித்தது. நின்ற இடத்திலெல்லாம் மங்களேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அது எந்தச் சுவரைப் படிக்க முடியாமல் நிற்கிறது, எந்தக் கட்டிலை, எந்தப் பிள்ளையை?

நகல் முடிந்ததும், "இப்ப சும்மா அடிங்க" என்றார் அருள்ராஜ். "எழுத்து எழுத்தாச் சொல்றேன். ச-வுக்கு உகரம் போட்டா சு."

"தெரியும் சார்" என்றாள் மங்களேஸ்வரி. 'செப்பனிடு சும்மா' என்று அடித்தாள்.

திரையில் வரிசையாக வந்தது. 'பெயரற்ற வீடு ஒன்று கிடக்கிறது. புறம்போக்கில் சேர்க்கட்டுமா? (சும்மாதான் கேட்டேன்.)' அதற்குக் கீழே இன்னொன்று. 'பெயரற்ற வீடு ஒன்று கிடக்கிறது. புறம்போக்கில் சேர்க்கட்டுமா? (சும்மாதான் கேட்டேன்.)' பாத்திமுத்து அதைப் பார்த்து, "வெளையாடுதா இது, பலா முசீபத்து!" என்று பொருமினாள்.

"அப்படின்னா வீடெல்லாம் இருக்கு" என்றார் அருள்ராஜ். அவர் குரலில் சந்தோஷம் முழுதாக இல்லை. "பழைய எடத்துக்குப் போகாது. எங்க சேர்றதுன்னு தெரியாததையெல்லாம் ஒரு எடத்துல கொண்டாந்து போடும். வீடு வரும், ஆளு வரும், சாமான் வரும். பேரு வராது. உள்ள மாட்டிக்கிட்டவங்க பேரெல்லாம் வழியோட சேந்து இருந்துச்சு. வழிதான் போயிருச்சே."

"பேரு வராதுன்னா?"

"பேரு எங்கயும் இருக்காது சிஸ்டர். கம்ப்யூட்டர்லயும் இருக்காது, உங்க வாயிலயும் இருக்காது."

பெயர்களைத் தேடிப் பார்க்க வழி இல்லையா என்று வாத்தியார் கேட்டார். இருக்கிறது, துண்டு துண்டாகக் கிடப்பதைப் பொறுக்கி ஒட்ட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ஊர் சும்மா இருக்குமா என்று அருள்ராஜ் திருப்பிக் கேட்டார். வாத்தியார் சன்னல் வழியாக ஊரைப் பார்த்தார். கிரகணம் போல இருந்த ஊரில் அதற்குள் ஒருவன் சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தான். உள்ளே பிளெக்ஸ் முகங்களுக்கு நடுவில், அடுப்பில்லாமல், போனில்லாமல், காய்ச்சலோடு ஒரு பிள்ளை. வெளியாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆளு வந்தாப் போதும்த்தா" என்று பாத்திமுத்து மங்களேஸ்வரியின் தோளைத் தொட்டாள். "அமுக்கு."

மங்களேஸ்வரி ஒரு பேனாவை எடுத்துத் தன் இடது கையில் மகளின் பெயரை எழுதினாள். அழுத்தி, தோல் சிவக்க, எழுத்தின்மேல் எழுத்தாக எழுதினாள். பிறகு 'செப்பனிடு' என்று மட்டும் அடித்தாள், சும்மா இல்லாமல். கேள்வி வந்தது. இந்தத் தடவை அடைப்புக்குறி இல்லை. அவள் பெயரை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள், மந்திரம் போல, மூச்சு விடாமல், திரும்பத் திரும்ப. நாங்கள் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னோம், ஊரே சேர்ந்து ஒரு சின்னப் பிள்ளையின் பெயரைக் கூவினோம், அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. அவள் 'ஆம்' என்று தட்டினாள்.

எங்கள் வாய்கள் அசைந்துகொண்டே இருந்தன. அவற்றிலிருந்து எதுவும் வரவில்லை. மங்களேஸ்வரி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், தோல் சிவந்திருந்தது, பேனா அழுத்திய வலி இருந்தது, மை இல்லை.

அவள் அழுதுகொண்டே அடுத்த கேள்விக்கும் ஆம் சொன்னாள், அதற்கடுத்ததற்கும், கடைசி வீடு வரைக்கும்.

ஊருக்கு மேற்கே, கண்மாய்க் கரைக்கு அந்தப்பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் புறம்போக்கு. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது முள்ளுக்கு நடுவே வீடுகள் நின்றன, எப்போதும் அங்கேயே நின்றவைபோல, சில பாதி மூங்கிலோடு, சில ஒரு பக்கம் சாய்ந்து, கதவுகளில் நீளநீளமான எண்கள் மட்டும் எழுதியிருக்க. எந்த வீடு யாருடையது என்று வெளியே இருந்து சொல்ல முடியவில்லை. சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இங்கே ஒரு கால் இறங்கிய கட்டில் இருக்கிறது, இது வாத்தியாருடையது, இங்கே தொழுகைப் பாய் இருக்கிறது, இது பாத்திமுத்துடையது என்று உள்ளிருப்பதை வைத்து அடையாளம் கண்டோம். கதவுகள் திறந்தன, ஆட்கள் வெளியே வந்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கூப்பிட வாய் திறந்தார்கள், திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பட்டப்பெயர் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஓமப்பொடி, கோக்குமாக்கு, பல்லன் என்று காலம் காலமாக ஊர் கேலி செய்த பெயர்கள் கம்ப்யூட்டரில் ஏறாததால் தப்பித்துக்கொண்டன, அன்று அந்த மனிதர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

ஒரு வீட்டின் கதவு மட்டும் திறக்கவில்லை. அடுப்படிச் சன்னலில் சீனிச்சாமி குடும்பம் முழுவதும் கும்பிட்டுக்கொண்டு சிரித்தது.

மங்களேஸ்வரி கதவைத் தட்டினாள். "நாந்தான், அம்மா வந்துட்டேன், தெற."

 பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, தொண்டை கட்டிய குரலில், "அம்மான்னா என் பேரச் சொல்லு" என்று வந்தது.

 கூட்டம் முழுக்க அப்போதுதான் அது உறைத்தது. சிலர் தங்களுக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் அவளிடம் கிசுகிசுத்தார்கள், ஒருத்தி தன் மகள் பெயரையே சொல்லிப் பார் என்றாள். மங்களேஸ்வரி ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

"தங்கம், பாப்பா, நாந்தாண்டி."

"பாப்பான்னு யாரு வேணும்னாலும் கூப்புடலாம். நீதான சொன்ன. பேரச் சொல்லு."

கதவை உடைக்கலாம் என்று ஒருவர் முன்னால் வந்தார். உடைத்தால் அது எங்கே போய் எதை உடைக்குமோ என்று நாங்களே அவரைப் பின்னால் இழுத்தோம். மங்களேஸ்வரி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.  பொய்யாக ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம், பிள்ளைக்கும் மறந்துதானே போயிருக்கும், எதைச் சொன்னாலும் நம்பியிருக்கும் என்று பிற்பாடு டீக்கடையில் பேசியவர்கள் உண்டு. அவர்கள் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கவில்லை.

"தெரியலடி" என்றாள் மங்களேஸ்வரி. "உன் பேரு எனக்குத் தெரியல. நாந்தான் வச்சேன், நாந்தான் தொலச்சேன். எனக்குத் தெரியல."

 கருவேலங் காட்டில் காற்று வீசியது. தாழ்ப்பாள் நகருகிற சத்தம் கேட்டது, கதவு ஒரு கை அகலம் திறந்தது, காய்ச்சலில் உதடு வெடித்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"எனக்கும் தெரியலம்மா" என்றது பிள்ளை. "வந்தவுகெல்லாம் ஏதாச்சும் ஒரு பேரச் சொன்னாக. நீ மட்டுந்தான் தெரியலன்ன."

அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் நான் கண்மாய்க் கரைக்கு வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் ஊரில் யாரும் சும்மா என்ற சொல்லைச் சும்மா சொல்வதில்லை. கம்ப்யூட்டரின் பிளக்குக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழம் தொங்குகிறது. கட்டினவர் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று இருந்த கிழவிகள்கூட வாசலில் நின்று புருஷன் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள், அவர்களும் உள்ளேயிருந்து மனைவி பெயரைச் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறார்கள், காலையில் தெருவே கோழி கூவுவதைப் போலக் கூவிக்கொள்கிறது. புறம்போக்கு ஆட்களில் பலர் புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள், பாத்திமுத்துவின் கணவருக்கு அவளே ஒரு பெயர் வைத்தாள், பழையதைவிட நன்றாயிருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

மங்களேஸ்வரி மட்டும் மகளுக்குப் பெயர் வைக்கவில்லை. திருப்பூரிலிருந்து வந்த புருஷன் கெஞ்சிப் பார்த்தான், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், சீனிச்சாமி தன் செலவிலேயே பெயர்சூட்டு விழா வைப்பதாக வந்து நின்றார். அவள் அசையவில்லை. பழைய பெயர் எங்கேயோ துண்டு துண்டாகக் கிடக்கிறது, அதன்மேல் புதிதாக எதையும் எழுத விடமாட்டேன் என்றாள். பழைய டிஸ்க் அவள் வீட்டுச் சாமி மாடத்தில், மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் தினமும் காலையில் பேர் கூப்பிடுகிறார். ஒவ்வொரு பெயராக வந்து, ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்கிறார், ஒரு பெயர் சொல்கிற அளவுக்குச் சும்மா இருக்கிறார். வகுப்பும் மூச்சுக் காட்டாமல் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்து நிற்கிறது:

"உள்ளேன் அம்மா."